இருபத்து நான்காவது கடை

செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்று மாதம் காய்ந்து கிடந்த ஊரில் நேற்று மாலை அரை மணி நேரம் மழை பெய்தது. இன்று காலை பொன்னாங்குளம் முழுக்க மீன் செத்து மிதக்கிறது. மழைநீர் வடிகால் பிரிவு உதவிப் பொறியாளர் என்று என் மேசையில் பெயர்ப்பலகை வைத்திருப்பதால் முதல் போன் எனக்கு வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே ஓடினேன்.

ரங்காத்தாள் கரையில் நின்றிருந்தார். குளத்து மீனவர் சங்கத்தின் தலைவி. குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் அவர்தான் பேசுவார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஊர் வடிகால் குளத்தில் வந்து விழும் வாயைக் கையால் காட்டினார். தண்ணீர் மேல் எண்ணெய் பளபளவென்று படர்ந்து கிடந்தது.

“மழை பேஞ்சா மீன் துள்ளோணுமுங்க அம்மிணி. எங்க குளத்துல மட்டுந்தான் மழை பேஞ்சாச் சாவுது” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இது ஒன்றும் மர்மமில்லை. மூன்று மாதமாக ரோட்டில் சேர்ந்த டயர்த் தூள், ஆயில், கிரீஸ், பெயிண்ட் எல்லாவற்றையும் முதல் மழை வழித்துக்கொண்டு வருகிறது. முன்பு மண் இருந்தது, பாதியையாவது அது குடித்தது. இப்போது வாசலில் ஒரு சாண் மண் தெரிந்தால் மானம் போய்விடும் என்று எல்லோரும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். போதாததற்குக் கடைக்காரர்கள் கழுவின தண்ணீரையும் மழைநீர் வடிகாலிலேயே ஓட்டை போட்டு விட்டுவிடுகிறார்கள். வெட்கம் கெட்ட ஜனங்கள்.

வரும் வழியில் தக்காளி, மல்லித்தழை வாங்கினேன். வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வரவில்லை. மழைக்கு மறுநாள் கடையில் கூட்டம் இருக்கும்.

செப்டம்பர் 25, புதன்

செயற்பொறியாளர் வரதராஜுலு கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ பொய் எழுதச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

“வெயில் ஜாஸ்தி, தண்ணில ஆக்சிஜன் கொறஞ்சுபோச்சு, மீன் செத்துப்போச்சு. இயற்கை. ரெண்டு பாராவுல முடிச்சுக் குடுத்துருங்க.”

“மழை பெஞ்சு குளுந்த ராத்திரியில வெயில் எங்கிருந்து சார் வந்துச்சு?”

அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய விதி வரைவு எட்டு மாதமாக அவர் அலமாரியில் தூங்குகிறது. அதில் இருப்பது மூன்றே விஷயம். வாசலில் சிமெண்ட் பூசுகிறவர் கால்வாசி இடத்தையாவது மண்ணாக விட வேண்டும். கழுவுகிற தொழில் செய்கிறவர் எண்ணெயும் சேறும் தங்குகிற தொட்டி கட்டி, அதற்கப்புறம்தான் தண்ணீரை வெளியே விட வேண்டும். குளத்துக்கு முந்தைய இருநூறு மீட்டர் வடிகாலில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டுக் கோரையும் புல்லும் வளர்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரியும். வரதராஜுலுவுக்குப் புரியாது.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். அக்டோபர் பதினெட்டாம் தேதி நகர்மன்றக் கூட்டத்தில் விதியை வைக்கலாம், ஆனால் புதுக் கட்டடங்களுக்கு மட்டும் என்றார். பழைய கடைகளை விட்டுவிட்டு விதி போடுவதற்குப் பதில் ஒரு வாழ்த்து மடல் அச்சடித்துக் கொடுக்கலாம். அதைச் சொன்னேன்.

“அப்ப எந்தக் கடை, எந்த ஓட்டை, ஆதாரத்தோட பட்டியல் கொண்டாங்க. பட்டியல்ல இருக்கற பழைய கடைக்கும் விதி பொருந்தும்னு சேத்துக்கறேன்” என்றார். என்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். அந்த முகத்தில் பட்டியலைத் தூக்கி எறிகிறேனா இல்லையா, பார்க்கலாம்.

செப்டம்பர் 27, வெள்ளி

ரங்காத்தாள் ஆபீசுக்கு வந்தார். அக்டோபர் கடைசியில் மறுபடி மீன் குஞ்சு விட வேண்டுமாம். அதற்குப் பிறகு ஐப்பசி மழை பிடிக்கும். அதுவும் செத்தால் சங்கம் குத்தகையை விட்டுவிடுவது என்று பேசியிருக்கிறார்கள். “பொறவு முப்பத்திரண்டு குடும்பமும் கட்டட வேலைக்குத்தானுங்க போகோணும். சிமெண்ட் பூசறதுக்கு” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடிகால் முழுக்க மூடி போட்டிருக்கிறது. எந்த ஓட்டையிலிருந்து எது வருகிறது என்று மேலேயிருந்து தெரியாது. ஜக்கையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபத்தாறு வருடமாக இந்த ஊர் வடிகாலைத் தூர் வாருகிறவர்.

“கலர் கலராக் கேசரிப் பவுடர் வாங்கிக் குடுங்க மேடம்” என்றார். “சந்தேகப்படற கடையில ஒரு வாளித் தண்ணில கரைச்சு ஊத்தறேன். குளத்து வாயில ஒரு ஆளு போனோட நிக்கட்டும். கலர் வந்துச்சுன்னா அந்தக் கடைதான். ஒரு கலர் ஓடி முடிஞ்ச பொறவு அடுத்த கடைக்கு அடுத்த கலர்.”

நான்கு வருடம் பொறியியல் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

மளிகைக்காரர் இவ்வளவு கேசரிப் பவுடர் எதுக்குங்க, வீட்டில் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒரே நாளில் எட்டுக் கடை. குளத்து வாயில் ரங்காத்தாளும் அவர் வீட்டுக்காரரும் நின்றார்கள். “பச்சை வந்துருச்சுங்க”, “மஞ்சளுங்க, நெம்பக் கெட்டியா வருது” என்று போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே போனேன். லாரி பட்டறை, பெயிண்ட் கடை, ஆட்டோ ஒர்க்‌ஷாப், கறிக்கடை. அவரவர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தொண்டை கட்டிக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் அசையவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எங்களுக்கு வடிகால் எங்க போகுதுன்னு எப்படிங்க மேடம் தெரியும்? உங்க ஆபீஸ்காரங்க வந்துதான் இங்க ஓட்டை போட்டுக்கன்னு காட்டிக் குடுத்தாங்க.”

எந்தப் பொறியாளர், பெயரைச் சொல்லுங்கள் என்றேன். ஞாபகம் இல்லையாம். இதற்குத்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. கடைக்காரனுக்காவது தெரியாது என்று சொல்லலாம். படித்தவன், வரைபடம் கையில் இருப்பவன், தண்ணீர் எங்கே போய் விழும் என்று தெரிந்தவன், தெரிந்தே விரலை நீட்டிக் காட்டுகிறான் என்றால் அவனை என்ன சொல்வது? அவனைத்தான் முதலில் நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

மாலையில் தலைவலி. சுக்குக் காபி போட்டுக் குடித்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

மொத்தம் இருபத்து மூன்று கடை ஆகிவிட்டது. போதும் என்றேன்.

“மார்க்கெட் ரோட்டுத் தெக்கு முக்குல ஒண்ணு இருக்குதுங்களே மேடம்” என்றார் ஜக்கையன்.

அந்த லைன் தனி, அது பாதாளச் சாக்கடைக்குப் போகிறது என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். “செரிங்க மேடம்” என்றார். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. சொன்ன வேலையைச் செய்தால் போதும். ஒவ்வொருத்தருக்கும் இப்போது ஒரு கருத்து.

அக்டோபர் 6, ஞாயிறு

இட்லி மாவு ஆட்டினேன். பீரோவை ஒழித்தேன். வெளித் திரைச்சீலை இரண்டும் துவைத்தேன்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தெற்கு முனையில் இருக்கும் வாட்டர் வாஷ் கடை எங்களுடையது. மில்லை மூடியபோது வீட்டுக்காரருக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? ஏழு மாதம் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசுவதைக்கூட விட்டுவிட்டார். கடை ஆரம்பித்த பிறகுதான் மனிதனாக நடமாடுகிறார். மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறார். திருமூர்த்தி கடையில் வண்டி விட்டால் சீட்டுக்கு அடியில் கிடக்கும் சில்லறைகூட அப்படியே இருக்கும் என்று ஊரில் பெயர்.

மேலும் அங்கிருந்து போவது ஷாம்பு நுரை. லாரி பட்டறை ஆயிலும் கார் கழுவிய நுரையும் ஒன்றா? எதையும் அளவோடு பார்க்க வேண்டும். இருபத்து மூன்று கடையை அடக்கினாலே குளம் தெளிந்துவிடும்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. ஊரில் உள்ள வண்டியெல்லாம் இன்று எங்கள் கடை வாசலில் நின்றன. ஆள் போதவில்லை என்று ஆபீசிலிருந்து நேராகப் போய் நானும் துணி பிழிந்து கொடுத்தேன். என்ஜினுக்கு டீசல் அடித்துக் கழுவுகிறார்கள் என்று இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் சரிவில் ஓடி மூலையில் இருக்கும் ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

எதிர்ப்பக்கம் பொரி விற்றவன் பிளாஸ்டிக் பைகளை வடிகால் ஓரம் போட்டிருந்தான். அறிவில்லையா என்று கேட்டேன். பயந்துபோய்ப் பொறுக்கி எடுத்தான். அவன் போன பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

சாயங்காலம் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்தார். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“இன்னைக்கு ஒரு கூத்து பாரு. மீன் பொட்டி கட்டுன மொபெட் ஒண்ணு வந்துச்சு. வண்டி வாங்குன நாள்ல இருந்து தண்ணியே பாத்திருக்காது போல. அந்தம்மா நல்லாக் கழுவிக் குடுங்கன்னு பக்கத்துலயே நின்னுது. கழுவுன தண்ணி செக்கச்செவேல்னு போகுது. என்னம்மா இதுன்னா, மீன் ரத்தமுங்கன்னுச்சு. அவ்வளவு ரத்தமா இருக்கும்? காசு வேண்டாம்னேன். கேக்கல, குடுத்துட்டுத்தான் போச்சு.”

“போறப்ப எதாச்சும் சொல்லுச்சா?”

“போன்ல ஆரையோ, வந்துருச்சான்னு கேட்டுது. அவ்வளவுதான். ஏன், உனக்குத் தெரிஞ்சவங்களா?”

தோசை கருகிவிட்டது. அதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பத்தரை மணிக்கு ரங்காத்தாள் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“பட்டியல்ல ஒண்ணு உட்டுப்போச்சுங்க அம்மிணி.”

“அது தனி லைனுங்க அக்கா.”

“அஞ்சாவது நிமிசம் வாய்ல வந்துருச்சுங்க. மத்த இருபத்து மூணைக் காட்டியும் வேகமா வந்துது. பக்கத்துல இருக்குதல்லங்க, அதனால.” போனை எடுத்தார். படத்தை நீட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “ஜக்கையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியும். வேற ஆருக்கும் நாங்க சொல்ல மாட்டமுங்க. நீங்க வெயில்ல நின்னு பண்ணுன வேலை எல்லாம் வீணாப் போயிரக் கூடாது. உங்களுக்குச் சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். இவர் என்மேல் இரக்கப்பட்டார். இருபத்து மூன்று கடை வாசலில் நின்று ஊரே பார்க்கத் திட்டியவள் மேல், குளத்தில் மீன் செத்த பொம்பளை இரக்கப்படுகிறார். அவர் படி இறங்கிப் போன பிறகு கோப்பு ஒன்றைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். வரதராஜுலுவின் பியூன் எட்டிப் பார்த்தான். பல்லி என்றேன்.

அக்டோபர் 16, புதன்

பட்டியலை நான்கு முறை பிரிண்ட் எடுத்தேன். நான்கிலும் இருபத்து மூன்றுதான்.

அக்டோபர் 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மன்றத்தில் வரதராஜுலு என்னைப் புகழ்ந்து பேசினார். பிறகு பட்டியலைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு கடையாகப் படித்தேன். பின்வரிசையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். அவருடைய மைத்துனரின் லாரி பட்டறை பட்டியலில் ஆறாவதாக இருக்கிறது.

“எல்லாம் செரிங்க. இருபத்து மூணு கடையில ஆபீசருங்க ஊட்டு ஆளுக ஒருத்தர்கூட இல்லீங்களே. அவங்க கழுவுனா மட்டும் பன்னீரா வருது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு எதுவும் தெரியாது, சும்மா அடித்துப் பார்த்தார். வரதராஜுலுவும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. நான் இந்த ஒரு கடையை விட்டால் அவர் அலமாரியில் விதி எட்டு மாதம் தூங்கியதும் சரியாகிவிடும், வெயிலால் மீன் செத்தது என்று அவர் சொன்னதும் சரியாகிவிடும்.

“இன்னும் ஒண்ணு இருக்குதுங்க” என்றேன். “இருபத்து நாலு. மார்க்கெட் ரோடு தெற்கு முனை, வாட்டர் வாஷ். உரிமையாளர் திருமூர்த்தி. என் கணவர்.”

வரதராஜுலு மெதுவாக, “மேடம், உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். பிறகு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பட்டியலில் உள்ள பழைய கடைகளுக்கும் சேர்த்து விதி நிறைவேறியது. அவரவர் ஓட்டையை மூட வேண்டும். தொட்டி கட்டிக் காட்டினால் திறந்துகொள்ளலாம்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் செய்தது சரிதான். ஊருக்கு ஒரு நியாயம் வீட்டுக்கு ஒரு நியாயமா? அவராகவே தொட்டி கட்டியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது.

மேலே எழுதிய கடைசி வரியைப் படித்துப் பார்த்தேன். அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

இருபத்து மூன்று நோட்டீஸ் மத்தியானத்துக்குள் கொடுத்து முடித்தோம். இரண்டு பேர் வாங்க மாட்டேன் என்றார்கள். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சி கையெழுத்தோடு கதவில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும், அதுதான் முறை. ஜக்கையன் பசை வாளியோடு வந்தார். சங்கத்தின் சார்பில் சாட்சியாக ரங்காத்தாள்.

எங்கள் கடைக்குக் கடைசியாகப் போனோம். வீட்டுக்காரர் ஒரு காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டீசை நீட்டினேன். பார்க்காமலே, “ஒட்டீட்டுப் போ” என்றார்.

ஜக்கையன் பிரஷ்ஷை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அப்போது வீட்டுக்காரர் துணியைப் பிழிந்து காரின் மேல் போட்டுவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. வேலைக்காரர்கள் நிற்கிறார்கள், ரங்காத்தாள் நிற்கிறார், அவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போல நிதானமாகப் பேசினார்.

“நாலு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல நின்னு, தண்ணிய எங்க உடறதுன்னு உன்னையத்தான் கேட்டேன். எனக்கு மில்லு வேலையத் தவர என்ன தெரியும்? தொட்டி கட்டுனா ஒரு காரு நிக்கற எடம் போயிரும்னு நீ சொன்னே. சாக்பீஸ் எடுத்து, இங்க ஒடைச்சு வடிகால்ல சேத்திருங்கன்னு கோடு போட்டது நீ. கொத்தனாரு நோட்டீசு வந்தா என்ன பண்றதுன்னு கேட்டான். நோட்டீசு குடுக்கறதே நாந்தான்னு சிரிச்சே. நான் தப்புப் பண்ணலைன்னு சொல்லல. அந்தக் கறுப்புத் தண்ணிய தெனமும் பாத்துட்டு நின்னவன் நான். ஆனா இந்தக் காயிதத்துல என்ற பேரு மட்டுந்தான் இருக்குது. மன்றத்துலயும் என்ற பேரைத்தான் படிச்சே.”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சாக்பீஸ் நிறம்கூட நினைவிருக்கிறது, வெள்ளை. ஒரு மாதமாக இந்த நோட்டில் வரதராஜுலுவையும் ஒர்க்‌ஷாப்காரரையும் பொரிக்காரனையும் எழுதிக் கிழித்தேன். இதை மட்டும் எழுதவில்லை. பெயர் தெரியாத அந்தப் பொறியாளரை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று எழுதினேனே, எழுதும்போதே எனக்குத் தெரியும்.

நோட்டீசில் ‘விதிமீறலுக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. திருமூர்த்தி என்று தட்டச்சு செய்திருந்தது. நோட்டீசைக் காரின் பானட்டில் வைத்து, அந்தப் பெயருக்குக் கீழே பேனாவால் எழுதினேன்: ‘தமயந்தி, உதவிப் பொறியாளர், மழைநீர் வடிகால் பிரிவு. இந்த இணைப்புக்கு இடம் காட்டியவர்.’ இதன் நகல் ஆணையருக்குப் போகும். எனக்கு மெமோ வரும், அதற்கு மேலும் வரலாம். பானட்டின் ஈரத்தில் ஓரம் கொஞ்சம் நனைந்துவிட்டது. சாட்சிக்கு நீட்டினேன். ரங்காத்தாள் வாங்கி, ஒரு தடவை முழுவதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். ஒட்ட வேண்டாம் என்று ஜக்கையனிடம் சொல்லிவிட்டு, காகிதத்தை வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று எழுதித் தேதி போட்டார்.